வெளியிடப்படாத வினா நூல்

சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு எழுதப் படிக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இத்தோடு விட்டுவிட்டால் பெரிய மனிதர்களுக்கு என்ன வேலை? ஆகவே சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் 'கிள்ளான் பள்ளத்தாக்குச் சட்டக்கல்வி முன்னேற்ற ஒருங்கிணைப்புச் செயலவை' உதயமானது. பெயர் ஒரே பேனரில் அடங்காததால் இரண்டு பேனர் அடித்து ஒட்டுப் போட்டார்கள்.

நான் மேரு என்ற ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பெயர் வாசு. எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து ஐந்து பிள்ளைகளை ஞாயிறுதோறும் செயலவையின் வகுப்புக்கு ஏற்றிப் போனேன். அவர்களில் ஒருத்தி வாணி, தொழிற்சாலை சூப்பர்வைசர் சுகுமாறனின் மகள். தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவைதான். இந்தத் தடவை தவறினால் அப்பா வேலை செய்யும் இடத்திலேயே பெட்டி அடுக்கும் வேலை அவளுக்குத் தயாராக இருந்தது. சுகுமாறன் மேனேஜரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

மொத்தம் பன்னிரண்டு வகுப்பு. முதல் ஞாயிறு திறப்பு விழா. இரண்டாம் ஞாயிறு, முதல் விழாவுக்கு வர முடியாமல் போன பிரமுகருக்காக மீண்டும் திறப்பு விழா. மூன்றாம் ஞாயிறு கறுப்புக் கோட்டுக்கு அளவெடுத்தார்கள். வக்கீல் மாதிரி தெரிந்தால்தான் வக்கீல் மாதிரி யோசனை வரும் என்று செயலவை கண்டுபிடித்திருந்தது. நான்காம் ஞாயிறு முதல் தன்முனைப்புப் பயிற்சி. முப்பது பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு 'நான் வக்கீல், நான் வக்கீல்' என்று நூறு முறை கத்த வேண்டும். கண்ணைத் திறந்து பார்த்தபோது யாரும் வக்கீல் ஆகியிருக்கவில்லை. ஆகவே அடுத்த வாரமும் அதே பயிற்சி நடந்தது.

மேடையோரம் ஆறு பெட்டிகள், ஜிகினாத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி இருந்தன. உள்ளே இருப்பது மாதிரி வினா நூல். செயலவைத் தலைவர் தியாகராசா, அரசாங்க இலாகாவில் முப்பது வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். வாணி அவரிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் புக் ஒண்ணு குடுங்க. படிச்சுப் பாக்கணும்."

"வெளியிடாத நூலை எப்பிடிப் பிள்ளை வாசிக்கிறது?"

"பரீட்சைக்காகத்தானே சார் போட்டீங்க?"

"பரீட்சைக்காகத்தான். ஆனா வெளியீட்டுக்குப் பிறகு. சுல்தான் பட்டம் குடுத்த டத்தோ ஜெயராஜ் தன்ர கையால முதல் பிரதியை வெளியிடவேணும். அவருக்கு ஒரே ஒரு நாள்தான் ஓய்வு."

"எந்த நாள் சார்?"

"பரீட்சை அண்டைக்குக் காலமை எட்டு மணி."

"சார், பரீட்சை பத்து மணிக்கு!"

"அதுதான் ரெண்டு மணித்தியாலம் இருக்கே, ஆறுதலா வாசிக்கலாம்."

இதற்கு மேல் என்ன பேசுவது? வாணி வேனில் போக வர, தேர்வு நடத்தும் சட்டக் கல்லூரியின் வலைத்தளத்தில் கிடந்த பழைய வினாத்தாள்களைப் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மற்ற நாலு பேரும் கோட்டு கசங்காமல் உட்காருவதில் கவனமாக இருந்தார்கள். சுகுமாறனுக்கு மகள் செய்வது பிடிக்கவில்லை. "சும்மா கெடைக்கிறதுல என்ன இருக்கப் போவுது? நல்ல கேள்வியெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு" என்றார். பெட்டிக்குள் இருப்பதை அவரும் பார்த்ததில்லை. ஆனால் ரிப்பனைப் பார்த்திருந்தார்.

தேர்வு நாள் வந்தது. தேர்வு மண்டபம் பங்சாரில் அந்தக் கல்லூரியிலேயே, பிரிக்பீல்ட்ஸிலிருந்து எல்ஆர்டி ரயிலில் ஒரே ஸ்டேசன். ஒன்பதே முக்காலுக்குக் கதவை மூடுவார்கள் என்று அனுமதிச் சீட்டிலேயே அச்சடித்திருந்தது.

எட்டு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் விழா மண்டபத்தில் பிள்ளைகள் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எட்டரைக்கு அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்: "டத்தோ அவர்கள் ஜெஞ்சாரோமில் ஒரு கடைத் திறப்பில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்." ஒன்பதே காலுக்கு, டத்தோ சுங்கை வே சாலை நெரிசலை வந்தடைந்த நற்செய்தி கிடைத்தது. கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

வாணி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இன்னும் அர மணி நேரந்தான் இருக்கு. போயிடலாம்பா."

"டத்தோ வராம எப்படிம்மா எந்திரிச்சுப் போறது? மரியாத இருக்குல்ல?"

"பரீட்சப்பா!"

"புக்கே இன்னும் கைக்கு வரல. புக்கு இல்லாம போயி என்னத்த எழுதுவ? வாங்கி ரெண்டு பக்கம் பொரட்டிட்டுப் போலாம்லா."

சுற்றியிருந்த பெற்றோர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். இருபத்தொன்பது பிள்ளைகளின் அப்பா அம்மாமார்கள். அத்தனை பேருக்கும் மணி பார்க்கத் தெரியும். என்ன மனிதர்களோ!

வாணி என்னிடம் வந்தாள்.

"வாசு அங்கிள், வேன் சாவி உங்ககிட்டதானே? அஞ்சு நிமிஷம் அங்கிள். எறக்கிவிட்டுட்டு வந்துடுங்க."

சாவி என் பையில்தான் இருந்தது. ஆனால் அன்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். போக்குவரத்துச் சேவைக்காகப் பொன்னாடை போர்த்துவதாகச் சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக வேன் ஓட்டுகிறேன், எனக்கு ஒருத்தரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை.

"கொஞ்சம் பொறும்மா, டத்தோ வந்துருவாரு" என்றேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி அம்மா தாமரையிடம் கொடுத்தாள்.

"நாற்காலியில மாட்டி வைங்கம்மா. யாராவது கேட்டா பாத்ரூம் போயிருக்கான்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். மண்டபத்தை விட்டு ஸ்டேசன் பக்கமாக ஓடிவிட்டாள்.

டத்தோ பத்தே காலுக்கு வந்தார். மேளதாளத்தோடு அவர் மேடை ஏறப் பதினைந்து நிமிடம். தியாகராசா தம் உரையில் மேடையில் இருந்தவர்களைப் பட்டம் பதவி பிசகாமல் விளித்து முடிக்க இன்னொரு பதினைந்து நிமிடம். டத்தோ ரிப்பனை வெட்டி நூலை வெளியிட்டு, வாய்ப்பை நழுவ விடக் கூடாது என்று அரை மணி நேரம் உணர்ச்சி பொங்கப் பேசினார். பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக மாலை போட்டார். வாணியின் பெயரைக் கூப்பிட்டபோது ஆளில்லை. நிகழ்ச்சி நிரலில் முப்பது மாலை என்று இருந்ததால் முப்பதாவது மாலையை நாற்காலியில் தொங்கிய கோட்டுக்குப் போட்டார்கள். கோட்டு மறுப்பேதும் தெரிவிக்கவில்லை. படம் எடுத்தார்கள்.

எனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அதோடுதான் நாலு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பங்சாருக்கு வேனை விரட்டினேன். மற்ற பெற்றோர்களும் காரில் பின்னால் வந்தார்கள். கல்லூரி வாசலில் காவலாளி பொன்னாடையை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவு மூடியாச்சு பாஸ். எழுதுனவங்களே வெளிய வர நேரமாச்சு."

"டத்தோ லேட்டா வந்தாருண்ணே."

"அவரும் பரீட்ச எழுதுறாரா?"



மறுநாளே செயலவை அவசரமாகக் கூடியது. பிள்ளைகள் தேர்வு எழுதாமல் போனதைப் பற்றி விவாதிப்பார்கள் என்று நினைத்துப் போனேன். வாணிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். குற்றச்சாட்டு: 'தேர்வுக்கு ஆயத்தம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், முன் அனுமதி பெறாமல் தேர்வுக்குச் சென்றது.' பதிலளிக்கப் பதினான்கு நாள் அவகாசம்.

வாணி பதில் போடவில்லை. ஆறு வாரத்தில் தேர்வு முடிவு வந்தது. அவள் தேறிவிட்டாள். கல்லூரியிலும் சேர்ந்துவிட்டாள். சுகுமாறன் மேனேஜரிடம் போய் அந்த வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து, மகளைத் தாம் எப்படித் தயார் செய்தார் என்று கோயிலில் கண்டவரிடமெல்லாம் சொன்னார்.

விளக்கக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் புது பேனர் ஏறியது. நடுவில் வாணியின் படம். கீழே, 'தேர்வெழுதிய எங்கள் மாணவர்களில் நூறு விழுக்காட்டினர் தேர்ச்சி!'

பொய் என்று யார் சொல்ல முடியும்? எழுதியது ஒருத்தி, தேறியது ஒருத்தி. மற்ற இருபத்தொன்பது பெற்றோர்களுக்கும் பெரிய நிம்மதி, தங்கள் பிள்ளைகள் ஃபெயிலாகவில்லையே என்று. அத்தனை பேரும் மறு வருஷத்துக்குப் பதிந்துகொண்டார்கள். புதிதாக நூற்றுப்பத்துப் பேர் சேர்ந்தார்கள். பேனரிலிருந்து தன் படத்தை எடுத்துவிடச் சொல்லி வாணி எழுதிய கடிதம் அடுத்த பொதுக்கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

நூறு விழுக்காடு என்றால் சும்மாவா? என் மகன் கிஷனையும் சேர்த்துவிட்டேன். முதல் ஞாயிறு வேனிலிருந்து இறங்கும்போது அவன் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, வாணி அக்கா எப்படிப் பாஸ் பண்ணாங்க?"

"இங்க சேர்ந்துதான்."

"விழா பாதியில ஓடிப் போனதாலன்னு சொன்னாங்களே?"

நான் வேன் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"அப்ப நான் எத்தன மணிக்குப்பா ஓடணும்?"

"டத்தோ பேசி முடிக்கட்டும்டா" என்றேன். "பாதியில எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"