வெள்ளை பெல்ட் கட்டிய விஞ்ஞானி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்பது ஒன்பது நாளாக உன்னிடமிருந்து போன் வராததிலிருந்தே தெரிகிறது. ஆகையால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. முப்பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டு போனவளை இன்னும் பாப்பா என்று கூப்பிடலாமா என்று சற்று யோசித்தேன். உறையின் மேல் உன் முழுப்பெயரை மரியாதையாக எழுதியிருக்கிறேன். உள்ளே நீ பாப்பாதான்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "அக்கா, சாப்டியா?" என்று நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இத்தனை வருஷ ஆசிரியர் வேலையில் எனக்கு வாய்த்த முதல் அமைதியான வகுப்பு இந்தக் காகிதம்தான். விஷயம் இதுதான்: "மாடியில ஒரு ரூம் சும்மாதான்க்கா கிடக்கு, வந்து எங்களோடயே இரேன்" என்று போன முறை சொன்னாய் அல்லவா, அதற்குப் பதில், வர இயலாது. எனக்கு இங்கே வேலை இருக்கிறது. கோடை முகாமில் விஞ்ஞானம் நடத்துகிறேன். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேள்.

எங்கள் பள்ளி என்னைப் பத்து மாதத்துக்குத்தான் வேலைக்கு வைத்திருக்கிறது. கோடை வந்தால் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதையே மறந்துவிடுவார்கள். முன்பெல்லாம் அது எனக்கு உறைத்ததில்லை. ஆறரை மணிக்கு நீ கண்ணாடிக் கடையிலிருந்து வருவாய், அன்று வந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் கூடத்தில் நின்று நடித்துக் காட்டுவாய். வெயில் கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று பதினொரு முறை வந்த ஒரு மனிதரை மட்டும் நீ கிண்டலே இல்லாமல் நடித்தபோது நான் உஷாராகியிருக்க வேண்டும், தவறவிட்டேன். இப்போது அவர் மாப்பிள்ளை. நல்ல மனிதர்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மின்விசிறியை மூன்றில் வைப்பதா ஐந்தில் வைப்பதா என்று நாம் இரண்டு பேரும் பதினேழு வருஷம் போட்ட சண்டை இருக்கிறதே, அதில் நான் ஜெயித்துவிட்டேன். மூன்றில்தான் ஓடுகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. கேட்க ஆளில்லை.

பள்ளி மூடிய நான்காம் நாளே, இனி இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வேர் விட்டுவிடுவேன் என்று தோன்றியது. புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் டியூஷன் நிலையத்துக்குப் போனேன். குளிர்சாதன அறை, கழுத்தில் டை, மீசை அப்போதுதான் முளைத்த ஒரு மேனேஜர். என் சான்றிதழ்களைப் பார்க்கவே இல்லை. "மேடம், உங்க எனர்ஜி லெவல் எப்படி?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எந்த அலகுல சொல்லணும் தம்பி? ஜூலா, கலோரியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்காமல் ஏதோ எழுதிக்கொண்டார். "எங்களுக்கு ஏன், எப்படின்னு விளக்குற ஆள் வேணாம் மேடம். பதில் எதுன்னு பத்து செகண்ட்ல சொல்ல வைக்கிற ஆள் வேணும்" என்று சொல்லி, கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார். அந்த வார்த்தையை நம்பி நான்கு நாள் போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனேன். ஐந்தாம் நாள் மணி அடித்தது. இன்டர்நெட் இணைப்பு வேண்டுமா என்று ஒரு பெண். வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் குரல் உன் குரல் மாதிரியே கொஞ்சம் மூக்கடைத்து இருந்தது. ஜலதோஷமா என்று கேட்டேன், ஆவி பிடிக்கச் சொன்னேன், நீராவிக்கு ஏன் கொதிநீரைவிடச் சூடு அதிகம் என்று விளக்கினேன். இருபது நிமிஷம் ஆனபிறகு அந்தப் பெண்ணே, "மேடம், நான் வச்சிடட்டுமா?" என்றாள். பொருள் விற்கக் கூப்பிட்டவர்களே கெஞ்சி விடைபெற்ற வீடு இந்தத் தெருவில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம்தான் விளக்குக் கம்பத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "விஞ்ஞான ஆசிரியர் தேவை" என்பதில் முதல் இரண்டு எழுத்தை யாரோ கிழித்துவிட்டதால் "ஞான ஆசிரியர் தேவை" என்று இருந்தது. முகவரியைத் தேடிப் போனால் டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு கராத்தே கூடம். எனக்கு முன்னால் நீண்ட தாடியோடு ஒரு பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கராத்தே மாஸ்டர் அவரிடம், "ஐயா, எரிமலை செய்யத் தெரியுமா?" என்று கேட்டதும் எழுந்து போய்விட்டார். அடுத்து நான். அதே கேள்வி. "நான் செய்யறதில்ல சார், அது தானா வரும்" என்றேன். மாஸ்டர் அரை நிமிஷம் யோசித்துவிட்டுக் கூடமே அதிரச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது. கராத்தேயோடு ஏதாவது படிப்பும் இருந்தால் அனுப்புகிறோம் என்று பெற்றோர்கள் கேட்டார்களாம். அதனால் பத்திலிருந்து பன்னிரண்டு வரை விஞ்ஞானம்.

"விஞ்ஞானின்னா வெள்ளைக் கோட்டு வேணுமே மேடம்" என்று மாஸ்டருக்குக் கவலை. கோட்டு கிடைக்கவில்லை. கராத்தே மேல்சட்டை ஒன்றைக் கொடுத்தார். புடவைக்கு மேல் அதைப் போட்டு, இடுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் கட்டும் வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நான் நின்ற கோலத்தை நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்கு நடித்துக் காட்டியிருப்பாய். ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள். வரிசையாக நின்று குனிந்து வணங்கி "ஹூ!" என்று கத்தினார்கள், நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். ஆரஞ்சு பெல்ட் கட்டிய ஒரு பொடியன் என்னை மேலும் கீழும் பார்த்து, "மிஸ், இந்த வயசுலயும் நீங்க இன்னும் வெள்ளையிலயே இருக்கீங்களா?" என்று மனமார வருத்தப்பட்டான். முதல் பாடம் காற்றழுத்தம். டம்ளரில் தண்ணீர் நிரப்பி அட்டையால் மூடிக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டாது என்று காட்ட, நம்பிக்கையோடு மாஸ்டரையே கீழே உட்காரவைத்தேன். கொட்டிவிட்டது. கீழே டயர் கடையில் அந்த நேரம் பார்த்துக் காற்று இயந்திரம் "புஸ்" என்றது. பிள்ளைகள் கைதட்டி இன்னொரு தடவை கேட்டார்கள். மாஸ்டர் தலையைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மேடம், நாளைக்கு எரிமலை" என்றார். மறுநாள் எரிமலை. சோடா உப்பும் வினிகரும் பொங்கி, அந்த வாடை தரை மெத்தைகளில் இறங்கி, மூன்று நாள் கராத்தே வகுப்பு முழுவதும் ஊறுகாய் ஜாடிக்குள் நடந்த மாதிரி இருந்ததாம்.

மூன்றாம் நாள் காந்தம். அந்த ஐந்து வயதுக் குழந்தை, பொடிசு என்று கூப்பிடுவார்கள், வடதுருவம் தென்துருவம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்து என் மடியில் ஏறித் தூங்கிவிட்டாள். மீதி நாற்பது நிமிஷப் பாடத்தையும் அசையாமல் நடத்தினேன். வாயால் மட்டும் நடத்தினேன்; கரும்பலகையில் எழுத வேண்டியதைப் பெரிய பிள்ளைகளை விட்டு எழுதச் சொன்னேன். குழந்தையின் உச்சந்தலையில் வியர்வை வாடை. பாடம் முடிந்தபோது என் இரண்டு காலும் மரத்துப்போய், இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டியதாயிற்று. அழைத்துப்போக வந்த அம்மாவிடம், "என்கிட்ட ஒட்டிக்கிட்டா உங்க பொண்ணு" என்று சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அந்த அம்மா, "அய்யோ, அவ யார் மடின்னாலும் தூங்குவா மேடம். போன வாரம் பஸ்ல கண்டக்டர் மடியில தூங்கினா" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கடுத்து ஒலி. வீட்டில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, காதில் விழும் சத்தங்களை எல்லாம் எழுதி வரச் சொன்னேன். நானும் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் ஆளுக்கு இரண்டு பக்கம் கொண்டுவந்தார்கள். அப்பா தும்மல் ஏழு. அம்மா "எந்திரி" என்றது ஐந்து. தம்பி சுவரில் பந்து அடித்தது எண்ண முடியவில்லை. எல்லாவற்றையும் படித்து முடித்தபின் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், "மிஸ், உங்களோடது?" என்றாள். படித்தேன். குழாய் சொட்டியது. கடிகாரம். ஃபிரிட்ஜ். மாடி வீட்டில் நாற்காலி இழுத்தது. அவ்வளவுதான். ஆரஞ்சு பெல்ட், "என்ன மிஸ் இவ்வளவுதானா? உங்க வீட்ல கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டான். "ஆமாப்பா, கரண்ட் இல்ல" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுக்கச் சமாதானமாகிவிட்டது. ரெட்டைப் பின்னல் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஃபிரிட்ஜ் எப்படி மிஸ் சத்தம் போட்டுச்சு?" என்றாள்.

பாப்பா, நான் எத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இப்படி ஒரு கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இவள்தான் விஞ்ஞானி என்று கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது; அந்தச் சட்டையைக் கழற்றி அவளுக்கே போட்டுவிட்டு ஓடிவிடவேண்டும் போலவும் இருந்தது. "நல்ல கேள்வி, யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்து, பதில் தெரிந்த ஒரு கேள்வியை வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நிலைமை உனக்குப் புரிந்திருக்கும். தினமும் காலை பத்து மணிக்கு முகாம் நடக்கிறது. பிள்ளைகள் எனக்காகக் காத்திருக்கிறார்கள். மாஸ்டரும் என்னை விடுவதாக இல்லை. இவ்வளவு பேரை அந்தரத்தில் விட்டுவிட்டு உன் மாடி அறைக்கு வந்து நான் என்ன செய்யப்போகிறேன்? புதிதாகக் கல்யாணமான வீட்டில் நடுவில் ஒருத்தி எதற்கு? என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வெயிலில் வெளியே போனால் கண்ணாடி போடச் சொல், திருகு இப்போதாவது இறுகியிருக்கும். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சின்னச் சின்னச் சண்டைகளோடு, நீண்டகாலம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மேலே "நடத்துகிறேன்", "நடக்கிறது", "காத்திருக்கிறார்கள்" என்று வரும் இடங்களில் எல்லாம் இறந்தகாலத்தில் திருத்திப் படித்துக்கொள்ளவும். ஒரு பிள்ளை தன் சத்தப் பட்டியலில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தது. நான் அதில் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தி, "மிக நன்று, பெற்றோரிடம் காட்டவும்" என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போன புதன்கிழமையிலிருந்து அங்கே பத்து முதல் பன்னிரண்டு வரை ஓவிய வகுப்பு. மாஸ்டர் பாவம், வாசல்வரை வந்து, "நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க மேடம்" என்று இரண்டு தடவை சொன்னார். ரெட்டைப் பின்னலுக்கு நான் பதில் சொல்லவே இல்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்; பதினொன்றரைக்கு வந்து சேருமாம். நிறுத்தத்துக்கு நீ மட்டும் வா. பள்ளி திறக்கும்வரைதான் இருப்பேன் என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அதற்கு அவர், "அதுக்கு மேலயும் இருக்கட்டுமே" என்று சொன்னால், எந்தக் குரலில் சொன்னார் என்று கவனித்து வந்து, பஸ் நிறுத்தத்திலேயே எனக்கு நடித்துக் காட்டு.