நடுக்கம்பி

நெமிலிச்சேரியிலிருந்து பட்டணம் போகும் காலை மின்சார ரயிலில் கல்லூரி மாணவன் உட்காரக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். இந்தக் காலத்துப் பையன்கள் எந்தச் சட்டத்தையும் மதிப்பதில்லை என்று புலம்புகிறவர்கள், இந்த ஒரு சட்டத்தை அவர்கள் எவ்வளவு பயபக்தியோடு காப்பாற்றினார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. கையிலிருக்கும் ஒற்றை நோட்டை உள்ளே உட்கார்ந்திருக்கும் யாராவது பெரியவர் மடியில் எறிந்துவிட்டு வாசலில் தொங்குவார்கள். பெரியவரும் திட்டிக்கொண்டே பிடித்துக்கொள்வார்.

வாசலின் நடுவே நிற்கும் கம்பி வேம்புலியுடையது. வரலாறு, மூன்றாமாண்டு. பானிபட்டில் யாரோடு யார் சண்டை போட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தனக்கு முன்னால் நடுக்கம்பியை ஆண்டவர்களின் வம்சாவளியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பெல்பாட்டம் ஒழிந்து தொளதொள பேகி பேண்ட் வந்த வருஷம், கால் எவ்வளவு அகலம் என்று அவன் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஆவடித் தையற்காரர்கள் துணியில் கத்திரி வைத்தார்கள். இத்தனை கீர்த்தியும் கம்பியால் வந்தது. கம்பி போனால் வேம்புலி வெறும் வேம்புலி.

எல்லாவற்றையும்விட, ஆவடியில் புஷ்பா ஏறுவாள். பெண்கள் பெட்டிக்குப் போகிற வழியில் நடுக்கம்பியை ஒரு தடவை பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் அவன் தினமும் உயிரைப் பணயம் வைத்தான்.

இந்த நிலையில் கஜபதி என்ற ரயில் அதிகாரிக்கு மாணவர் நலனில் அக்கறை பிறந்தது. மாணவர்கள் ஏன் தொங்குகிறார்கள் என்று ஆழ்ந்து ஆராய்ந்து, உள்ளே இடம் இல்லாததால்தான் என்று கண்டுபிடித்தார். ஒரு பெட்டியைக் காலி செய்து, 'மாணவர்களுக்கு மட்டும்' என்று எழுதி, விசிறிகளைக்கூட ஓட வைத்தார். பெரியவர்கள் எல்லாம் அடுத்த பெட்டிகளில் அடைந்துகொண்டார்கள்.

முதல் நாள் வேம்புலி வழக்கம்போலத் தொங்கினான். உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஆவடியில் புஷ்பா நின்று பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"உள்ள இவ்ளோ எடம் காலியா கீது, நீ ஏன் தொங்கினு வர?" என்று கேட்டாள்.

வேம்புலிக்கு அன்றைக்கு முழுதும் சோறு இறங்கவில்லை. நியாயமான கேள்விதான், அதுதான் வலித்தது.

மறுநாளே மாணவர்கள் அண்ணனூரில் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ரயிலில் உட்காரக் கூடாது என்பதுதான் சட்டம், தண்டவாளத்துக்குப் பொருந்தாது. கஜபதி பதறிக்கொண்டு வந்தார்.

"இடம் கொடுத்திருக்கிறோமே, இன்னும் என்னப்பா குறை?"

"குந்தறதுக்கு ஊட்லயே எடம் கீது சார். எங்களுக்குக் கூட்டம் வேணும்" என்றான் வேம்புலி.

"கூட்டமா? எவ்வளவு?"

"உள்ள மூச்சு உட முடியாத அளவுக்கு. நாங்க வெளிய தொங்கினா நாயமாத் தெரியணும்."

கஜபதி யோசித்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் பொதுமக்கள் கேட்டு, உடனே கொடுக்கக்கூடியதாக இருந்த ஒரே கோரிக்கை இதுதான். 'மேற்படி பெட்டியில் போதிய நெரிசல் ஏற்பாடு செய்யப்படும்' என்று அங்கேயே அறிவித்தார். வேலைக்குப் போகிறவர்கள் அனைவரும் இனி மாணவர் பெட்டியில்தான் ஏறவேண்டும் என்று உத்தரவும் வந்தது. மாணவர்கள் வெற்றி ஊர்வலம் போனார்கள். சிலர் பேகியில் தடுக்கி விழுந்தார்கள்.

திங்கட்கிழமை வேம்புலி தலையைப் படிய வாரிக்கொண்டு நெமிலிச்சேரி நடைமேடைக்கு வந்தான். உத்தரவுக்குப் பயந்த பெரியவர்கள் முன்கூட்டியே வந்து ஏறிவிட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் உள்ளே வெந்துகொண்டிருந்தவர்களுக்கு வாசல் பக்கம் காற்று வருவது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசல் முழுக்க அவர்களே தொங்கினார்கள். நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கோவிந்தன், அம்பத்தூர் எஸ்டேட்டில் திருகாணிக் கம்பெனி ஃபிட்டர், வேம்புலியைப் பெற்றவர்.

"நைனா, எறங்கு. அது என் எடம்."

"உள்ள போய்க் குந்துடா. இன்னா காத்து கீது தெரியுமா, இத்தினி நாளா ஒரு வார்த்த சொன்னியா நீ?"

பெற்ற தகப்பனைக் கம்பியிலிருந்து பிடுங்கிப் போட முடியுமா? பின்னால் வந்த கூட்டம் அவனை உள்ளே தள்ளியது. ஒரு பெஞ்சு தட்டுப்பட்டு உட்கார்ந்துவிட்டான். உடனே வாசலிலிருந்து ஒரு டிபன் கேரியர் அவன் மடிக்கு வந்தது. அதன் பின்னால் தோல்பை, குடை, இன்னொரு டிபன் கேரியர்.

ஆவடியில் புஷ்பா ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள். "ஐயோ, ஒடம்பு சரியில்லியா?" என்றாள். அவள் குரலில் இருந்த இரக்கத்தை வேம்புலியால் தாங்க முடியவில்லை.

அதே ஆவடியில் கஜபதியும் சோதனைக்காக ஏறினார். மாணவர்கள் எல்லாரும் உள்ளே அடங்கி உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு வாசலைப் பார்த்தார்.

"தோளுக்கு வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் நீங்கள். உள்ளே வந்து உட்காரக் கூடாதா?" என்று கோவிந்தனைக் கேட்டார்.

"குந்தறதுக்குத்தான் நீங்க ஆபீஸ் வெச்சினு கீறீங்களே சார்."

காற்று கஜபதியின் டையைத் தூக்கித் தோளில் போட்டது. அதை அவர் சரி செய்யவில்லை.

அம்பத்தூரில் கோவிந்தன் இறங்கினார். இறங்குமுன், ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு நாட்டைக் கொடுப்பது போல நடுக்கம்பியைக் காட்டினார். கஜபதி இரண்டு பக்கமும் பார்த்தார். கையிலிருந்த கோப்பு இடைஞ்சலாக இருந்தது.

"தம்பி, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று வேம்புலியின் மடியில் எறிந்துவிட்டுக் கம்பியைப் பிடித்தார்.

கோப்பின் மேல் 'மாணவர் தொங்குதல் ஒழிப்பு: முழு வெற்றி' என்று எழுதியிருந்தது. வேம்புலி திட்டிக்கொண்டே பிடித்துக்கொண்டான்.