லாயர் ஐயா கோட்டில் கொட்டிய மாவு

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது பெரிய தப்பு. கூப்பிட்டவர் லாயர் ஐயா.

அவர் கடைக்காரர்களின் வழக்கைப் பேசுகிறவர். சரக்கு மட்டம், பேசியபடி அனுப்பவில்லை, இந்த மாதிரிச் சண்டைகள்தான் அவர் தொழில். சண்டையில் ஜப்பான்காரன் வந்து ஊரைப் பிடித்ததும் கடைகளில் சரக்கே இல்லை. வழக்கு எங்கிருந்து வரும்? ஐயா சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் காஜா பேராங் பகுதியில் தன் வீட்டு முன்னால் மரவள்ளி நட்டார். பின்னால் கஞ்சிக் கொட்டகை போட்டார். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோன வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கேதான் சாப்பாடு. பக்கத்தில் இருந்த கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரர்கள் அண்டா கொடுத்தார்கள். என் மனைவி லட்சுமி கஞ்சி காய்ச்சினாள். நான் மாட்டு வண்டியில் மரவள்ளி மாவு ஏற்றி வந்தேன்.

ஒருநாள் கஞ்சி பல்லில் நறநறத்தது.

"மண்ணுங்கய்யா! மாவுல பாதி மண்ணு," என்றாள் லட்சுமி.

மாவு விற்ற முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "என் மாவு சுத்தம் லா. வண்டிக்காரன் வழியில கலந்துட்டான்." (வழியில் நிறுத்த என் மாடே விடாது.)

ஐயா கோர்ட்டுக்குப் போனார். தோற்றால் கொட்டகையை மூட வேண்டியதுதான். வேறு மாவுக்கு வழியில்லை. கையில் மிச்சம் இருந்தது கடை முத்திரை பிரிக்காத ஒரே மூட்டை. அதை நீதிபதி கண் முன்னால் பிரிக்க வேண்டும்.

"மாரிமுத்து, மூட்டைய மேசை மேல வை. கேட்டா பேசு. வேற ஒண்ணும் செய்யாதே."

"சரிங்கய்யா."

முந்தின வாரம்தான் பாலத்தில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய் என்னை அறைந்திருந்தான். நான் சுமையை இறக்கிவிட்டுக் குனிந்தேன். முதலில் குனிய வேண்டுமாம். இரண்டு நாள் இடது காது பாடியது. பாடம் நன்றாக ஏறிவிட்டது.

கோர்ட்டில் நீதிபதிக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி. தலையில் மூட்டையோடு நுழைந்தேன். அவர் தொப்பியைப் பார்த்தேன். இடுப்பு வரை குனிந்தேன்.

மூட்டை தைத்த நூல் மக்கியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஐயா மேல் மாவு அத்தனையும் கொட்டியது. நிமிர்ந்தால் கறுப்புக் கோட்டைக் காணோம். வெள்ளையாக ஒருவர் தும்மிக்கொண்டிருந்தார். (நான் மறுபடியும் குனிந்தேன். வேறு என்ன செய்ய?)

எதிர்த்தரப்பு வக்கீல் குதித்தார். "சாட்சியமே போச்சு! இனிமே தரை மண்ணையும் சேர்த்து அள்ளிக் காட்டுவாங்க!"

ஐயா கண்ணைத் துடைத்தார். கோட்டைத் தட்டவில்லை. மேல் பையில் விரலை விட்டுக் கொஞ்சம் எடுத்தார். நீதிபதி முன்னால் ஒரு தாளில் போட்டு ஊதினார். மாவு பறந்தது. மண் தாளிலேயே கிடந்தது.

"தரை மண்ணு என் மேல் பைக்கு ஏறி வருமா?"

நீதிபதி தானும் ஒரு சிட்டிகை எடுத்து ஊதிப் பார்த்தார். தீர்ப்பு எங்கள் பக்கம். முதலாளி வேறு மூட்டைகள் கொடுத்தார். ஒவ்வொன்றையும் கடையிலேயே பிரித்துப் பார்த்துத்தான் ஏற்றினேன். ஜப்பான்காரன் போகும் வரை கொட்டகை அடுப்பு அணையவில்லை.

அந்தக் கோட்டின் தையலில் வெள்ளை கடைசிவரை போகவில்லை. ஐயா அதையேதான் போட்டார். "வாயத் திறக்காம கேஸ ஜெயிச்சுக் கொடுத்த சாட்சி இவன்," என்று என்னைக் காட்டுவார்.

இப்போதும் கோயிலில் நான் தலை குனிந்தால், லட்சுமி பூசாரியிடம் சொல்கிறாள்:

"சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."