மெத்தையில் உட்கார்ந்து ‘ஓடு’ என்பவர்

இன்று நாம் பார்க்கப்போகும் ஜீவனுக்குப் பெயர் கேலரி வீரர். காட்டில் தேட வேண்டாம். இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு சோளக் கிடங்கும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு ஒரு மைதானமும் உள்ள எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். நடு வரிசையில், அடியில் அணியின் நிறத்தில் ஒரு குட்டி மெத்தை, முழங்காலில் போர்வை, ஒரு கையில் கடுகுச் சாறு வழியும் ஹாட் டாக், இன்னொரு கை அடுத்தவர் பிள்ளைகளைச் சுட்டிக்காட்டுவதற்காகக் காலியாக என்று வீற்றிருப்பார். அவருக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றே ஒன்று. ஓடு.

யார் ஓட வேண்டும்? அவர் இல்லை. எதிரணி பந்தை வானத்துக்கு உதைக்கிறது. கீழே ஒற்றைப் பையன் அண்ணாந்து நிற்கிறான். ஃப்ரிட்ஜுக்குக் கால் முளைத்த மாதிரி நாலைந்து பேர் அவனை நோக்கி வருகிறார்கள். இந்த அப்பாவிக்காக விதிப்புத்தகம் ஒரே ஒரு கருணை காட்டியிருக்கிறது. தலைக்கு மேல் கையை நீட்டி ஆட்டினால் போதும், ஒருவரும் அவனைத் தொடக்கூடாது. அவனும் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும், ஓடக்கூடாது. ஃபேர் கேட்ச் என்பது இவ்வளவுதான். நியாயமாக இல்லை? நம் வீரரைக் கேட்டுப் பாருங்கள். டாக்ஸி கூப்பிடுகிறானா என்பார். வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிறான் என்பார். அவர் காலத்தில் யாரும் கையைத் தூக்கியதே இல்லையாம். மைதானம் முழுக்க ஓடி அவர் ஏமாற்றிய எதிராளிகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் கூடுகிறது. ஆட்டத்தை விட்டு முப்பது வருடமான பிறகும் அது எப்படிக் கூடுகிறது என்பதைப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் வெர்னன் ஸ்டக்கி. டயர் கடை வைத்திருக்கிறார். என் இடம் அவருக்கு நேர் கீழ் வரிசை, அதாவது அவருடைய ஷூக்களுக்குப் பக்கத்து வீடு. இடைவேளைகளில் அவருடைய இரண்டு ஷூ லேஸ்களும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்துகொள்கின்றன என்பது எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம்.

பந்துக்குக் கீழே நிற்கும் அந்த ஒற்றைப் பையன் என் தம்பி கோல்பி. காற்றடித்தால் பறக்கிற உடம்பு, நல்ல கை. வருகிற பந்து எதையும் நழுவவிட மாட்டான், கூட்டமாக ஆட்கள் வந்தால் ஒழுங்காகக் கையைத் தூக்குவான். சீசன் முழுக்க அவன் கை மேலே போகும்போதெல்லாம், “பாப்பா பயந்துடுச்சுடா” என்று என் தலைக்கு மேலிருந்து குரல் வரும். கேலரியே சிரிக்கும்.

அப்புறம், பழைய மாணவர்கள் ஊருக்குத் திரும்பும் வார வெள்ளிக்கிழமை, கோல்பி கையைத் தூக்கவில்லை. ஓடினான். இரண்டு எட்டு. மூன்றாவது எட்டு அவனுடையது இல்லை, அவன் காற்றில் இருந்தான். ஒரு ஷூ தனியாகப் போய் விழுந்தது. உதடு கிழிந்து எழுந்து நின்றவனைப் பார்த்து வெர்னன் எழுந்து கைதட்டினார், “இதாண்டா ஆம்பளை” என்று.

அன்று வீட்டில், வீங்கிய உதட்டில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்து அழுத்திக்கொண்டு, இனிமேல் எத்தனை பேர் வந்தாலும் கையைத் தூக்கப்போவதில்லை என்றான் கோல்பி. பட்டாணியைச் சரியாகப் பிடி, கழுதை என்றேன். வேறு என்ன சொல்வது? அடுத்த தடவை உதட்டோடு போகும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

மறுநாள் காலை பழைய மாணவர்களுக்கும் இப்போது படிக்கிற எங்களுக்கும் வருடாந்திர ஆட்டம். இடிக்கக்கூடாது, பந்து வைத்திருப்பவரைத் தொட்டாலே போதும். தோற்ற அணி எல்லோருக்கும் பான்கேக் சுட வேண்டும். நடுவர் வெர்னனின் மனைவி லோர்னா. கணக்குப் பரீட்சை என்னைப் பள்ளி அணியிலிருந்து துரத்தியிருந்தது, ஆனால் இந்த ஆட்டத்தில் மதிப்பெண் கேட்கமாட்டார்கள். உதைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எதிரணியில் வெர்னன் பின்னால் தனியாக நின்றார். பிறந்ததிலிருந்து நான் உதைத்ததிலேயே உயரமான உதை அது. பந்து மேலே போனது, இன்னும் போனது, இறங்க மனமில்லாமல் யோசித்தது. அதற்குள் கோல்பி பாதி மைதானம் கடந்துவிட்டான்.

வெர்னன் பந்தைப் பார்த்தார். கோல்பியைப் பார்த்தார். மறுபடி பந்தைப் பார்த்தார். என்ன செய்தார் தெரியுமா?

ஒரு கையைத் தூக்கினார். போதாதென்று இன்னொன்றையும் தூக்கினார். வெள்ளத்தில் கூரை மேல் நிற்பவன் ஹெலிகாப்டரைப் பார்த்து ஆட்டுவது போல ஆட்டினார். தொடுவதைத் தவிர எதுவுமே செய்யக்கூடாத ஆட்டத்தில்!

கோல்பி நின்றுவிட்டான். கை எட்டும் தூரம்தான், தொடவில்லை. பந்து வெர்னனின் தொப்பையில் விழுந்து அங்கேயே தங்கிற்று. எல்லோரும் நின்றுவிட்டதைக் கவனித்த நம் வீரர் உடனே என்ன செய்தார்? ஓடினார். ஒரு ஈ கூடத் துரத்தாத அந்த மைதானத்தில் வளைந்து நெளிந்து, இல்லாதவர்களை ஏமாற்றி, கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அறைந்து, ஆறு புள்ளி கேட்டார்.

லோர்னா விசில் ஊதினார். “கையைத் தூக்கிட்டு ஓடறியே, வெர்ன்.”

“கண்ணுல வெயில் அடிச்சுது. மறைச்சேன்.”

லோர்னா மேகம் மூடிய வானத்தை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார். “ரெண்டு கையாலயா?”

கேலரி உருண்டது. கோல்பி மட்டும் சிரிக்கவில்லை. எதிரே வந்தவன் அவன்தானே. அந்த முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான். பான்கேக்கைப் புரட்டிக்கொண்டிருந்த வெர்னனிடம் போய்த் தட்டை நீட்டி, “பந்துக்குக் கீழே நிற்கும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும், ஸ்டக்கி சார்,” என்றான். வெர்னன் அவன் தட்டில் ஒன்றுக்கு நாலாக வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை. பந்து மேலே, கோல்பி கீழே, மூன்று ஃப்ரிட்ஜுகள் வழியில். அவன் கை உடம்போடு ஒட்டியே இருந்தது. வழக்கமான சத்தம் மேலிருந்து வரவில்லை. என் தலையில் கடுகுச் சாறுதான் சொட்டியது. நிமிர்ந்தேன். வெர்னனின் கை, ஹாட் டாக்கோடு, வானத்தை நோக்கி நீண்டிருந்தது.

“தூக்குடா, கண்ணு,” என்றார், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல், கீழே இருந்த எனக்கு மட்டும் கேட்கும்படி.

கோல்பி தூக்கினான். பிடித்தான். மூவரும் அவனை உரசாமல் விலகினார்கள். வெர்னன் கையை இறக்கினார், ஹாட் டாக்கை ஒரு கடி கடித்தார், பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார்: “ஓடியிருக்கலாம்.”

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த தடவை யாரையாவது பார்த்து ‘ஓடு’ என்று கத்த வாயைத் திறக்கும்போது, உங்கள் கையில் இருப்பது பந்தா தின்பண்டமா என்று ஒருமுறை பாருங்கள். தின்பண்டம் என்றால், எழுந்திருக்கும் முன் லேஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் வரிசையில் நான் இருக்கிறேன்.