எண்பத்தெட்டில் நிற்கிற சர்வரும் பெருமாள் சந்தனமும்

உத்திரமேரூர்,
வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கோகுல்ராஜ் அவர்களுக்கு மாமனார் வேதகிரி எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் இங்கு சௌக்கியம். ரைஸ் மில் சர்வர் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் சௌக்கியமில்லை. தாங்களும் என் மகள் மோகனாவும் அங்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘மீட்டிங்ல இருக்கேன் மாமா, என்ன செஞ்சீங்கன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க’ என்றீர்கள். எழுதுகிறேன். படித்தால் தப்பு சாஃப்ட்வேர் மேல்தான் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

நெல் கொண்டுவருகிறவர்களுக்கு டோக்கன் போடுகிற சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும், வாலாஜாபாத்திலிருந்து ஆளை வரவழைக்கலாம் என்றார் முதலாளி. ‘எதுக்கு ஆளு? முப்பது வருசமா மேனேஜரா குந்திகினு கீறேன், ஒரு பென் டிரைவ் சொருகத் தெரியாதா எனக்கு?’ என்று கேட்டேன். புதன்கிழமை எமகண்டம் கழித்து ஒன்பதேகாலுக்கு உட்கார்ந்தேன். பழையதை எடுத்தால்தான் புதியது ஏறும் என்றது கம்ப்யூட்டர், எடுத்துவிட்டேன். புதியதை ஓடவிட்டு, புது டிராக்டருக்குச் செய்வது போலவே பெட்டிக்கு மாலை, எலுமிச்சம்பழம், திரையின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் திருப்புட்குழி பெருமாள் கோயில் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. கற்பூரம் காட்டி நிமிர்ந்தால் திரையின் அடிப்பக்கத்தில் பச்சைக் கோடு எண்பத்தெட்டு சதவீதத்தில் நிற்கிறது. இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

நான் சும்மா இருப்பேனா? டேபிள் ஃபேன் வைத்துக் குளிரக் காட்டினேன். எலெக்ட்ரீஷியன் ஜான்சன் வந்து எல்லா ஒயரையும் ஆட்டிப் பார்த்துவிட்டு ‘கரண்டு கரீக்டா கீது சார்’ என்று டீ குடித்துவிட்டுப் போனார். சாஃப்ட்வேர் விற்றவர்களுக்கு போன் போட்டால் இண்டர்நெட் வழியாகப் பார்க்கிறோம் என்கிறார்கள். இங்கே ரோட்டைத் தோண்டி அந்த ஒயரை அறுத்துவிட்டு மூன்று நாள் ஆகிறது. நடுவில் அணைக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் அணைக்கவில்லை. மௌசை எங்கே அமுக்கினாலும் ‘டொங்’ என்று ஒரு சத்தம். கோயில் மணி மாதிரி இருக்கிறது, உள்ளே வேலை நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

‘ஸ்கிரீன்ல ஏதாவது பெட்டி வந்து கேள்வி கேக்குதா மாமா?’ என்றீர்கள். கேட்கவில்லை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். போட்டோ கேட்டீர்கள், அனுப்பினேன். ‘நடுவுல இருக்கிறத கொஞ்சம் துடைச்சிட்டு எடுங்க மாமா’ என்றீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. பெருமாள் பிரசாதம் மாப்பிள்ளை, அது தானா உதிரணும், நாம கை வைக்கலாமா?

இன்னொரு பேஜார் வாசலில் நிற்கிறது. டோக்கன் இல்லாமல் எடை மேடை வேலை செய்யாது, எடை போடாமல் நெல்லைக் குடோனில் ஏற்ற முதலாளி விடமாட்டார். மேட்டுத்தெரு முத்துகிருஷ்ணன் அறுபது மூட்டையோடு நேற்றிலிருந்து வெட்டவெளியில் கிடக்கிறார். நாலு மாதம் பாடுபட்ட நெல். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, நனைந்தால் முளைத்துப்போகும், அப்புறம் ஒருத்தரும் தொடமாட்டார்கள். அவர் வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வரவும். கெட்டுப்போன சாஃப்ட்வேரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலாளியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லவும். அப்பாவுக்கு கம்ப்யூட்டர் வராது என்று சிரிக்கிற மோகனாவுக்கு இதைப் படித்துக் காட்டவும்.

பெருமாள் உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசும், மீட்டிங் இல்லாத ஒரு நாளும் கொடுக்கட்டும்.

தங்கள் மாமனார்,
வேதகிரி.

பின்குறிப்பு: மணி ஐந்தரை. புறப்பட வேண்டாம். மூன்று மணிக்கு முதல் இடி இடித்ததும் முத்துகிருஷ்ணன் விடுவிடுவென்று உள்ளே வந்தார். ‘இன்னாதான் பண்ணிக்கினு கீற, நவுரு’ என்று தோள் துண்டால் திரையை ஒரே இழுப்பில் துடைத்தார். நான் ‘ஐயோ, பிரசாதம்!’ என்று கத்தினேன். சந்தனத்துக்கு அடியில் சின்னதாக ஒரு பெட்டி. ‘தொடரலாமா? ஆம், இல்லை.’ நேற்று காலையிலிருந்து அது கேட்டபடி உட்கார்ந்திருக்கிறது. ‘ஆமாம்னு சொல்லுய்யா!’ என்றார். சொன்னேன். நான்கே நிமிடம், முதல் டோக்கன் அவருக்கு. கடைசி மூட்டை குடோனுக்குள் போய் விழவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை, மறைப்பானேன். நன்றிக்காகத் திரைக்கு மறுபடியும் சந்தனம் வைத்தேன். இந்த முறை ஓரத்தில்தான். அந்த ஓரத்தில் மணி காட்டுமாம், இப்போது தெரியவில்லை. கைக்கடிகாரம் இருக்கிறது, பரவாயில்லை. கடிதத்தை மோகனாவுக்குத் தாராளமாகக் காட்டவும். பின்குறிப்பை மட்டும் கிழித்துவிடவும்.