சம்பல், நவாப், நடுவில் ஒரு வேலி

நாயின் பின்பாதி ராட்னியின் தோட்டத்தில் இருந்தது. முன்பாதி பக்கத்து வீட்டுத் தாவூதின் தோட்டத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கம்பிவேலி ஓட்டை அதன் வயிற்றைக் கவ்விப் பிடித்திருந்தது. ராட்னி மண்டியிட்டு, பின்னங்கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“தாவூத் அண்ணே! அந்தப் பக்கத்துலேருந்து கொஞ்சம் தள்ளி விடுங்களேன்!”

“நான் எப்படி லா தள்றது? நக்கி வெச்சுதுன்னா எங்க மார்க்கப்படி நான் மண்ணு போட்டு ஏழு தடவ கழுவணும்!”

“குச்சி எதாச்சும்?”

தாவூத் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியால் நாயின் தோளை நாசுக்காகத் தள்ளினார். நாய் கைப்பிடியைக் கடித்துக்கொண்டது. இப்போது இருவரும் நாயின் இரு முனைகளையும் ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள்.

நாயின் மூக்குக்கு எட்டாத தூரத்தில், தாவூத் வீட்டு ஆரஞ்சு நிறப் பூனை நவாப் உட்கார்ந்து, நிதானமாகத் தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

நாயின் பெயர் சம்பல். வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள் கொண்ட ஜாக் ரஸ்ஸல் டெரியர். தஞ்சோங் மாலிமில் படிக்கும் ராட்னியின் மகள் மெலிண்டா, தோழிகளோடு சேர்ந்து ஆசையாக வாங்கிவிட்டு, ஹாஸ்டலில் நாய் வைக்க முடியாது என்பதை அதற்குப் பிறகு கண்டுபிடித்தாள். “ரெண்டே வாரம்தான் டாடி” என்று ஈப்போவுக்குக் கொண்டுவந்து விட்டவள், அதன் பிறகு கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தாள். சம்பல் அளவில் பூனைதான். குணத்தில் எருமைமாடு. மோட்டார் சைக்கிள், தண்ணீர்க் குழாய், துடைப்பம், விருந்தாளியின் காலுறை என்று அசைகிற எதையும் அது தன் சொந்த விரோதியாகவே கருதியது.

ராட்னி அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“இது பொந்துக்குள்ள பூந்து எலி, நரியெல்லாம் பிடிக்கறதுக்குன்னே வளர்த்த சாதி அண்ணே. தோண்டாதேன்னா கேக்காது. சின்னதா ஒண்ணு ஓடிச்சுன்னா விடாது.”

“பூனைய?”

“அதத்தான் மொதல்ல விடாது.”

ராட்னியின் கவலை நாயைப் பற்றி மட்டும் அல்ல. தாவூதும் அவரும் பன்னிரண்டு வருடப் பக்கத்து வீட்டுக்காரர்கள். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தாவூத், சாயங்காலம் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வரும்போது, சனிக்கிழமைகளில் ஒரு பொட்டலம் ஆட்டுக்கறிக் குழம்பு வேலிக்கு மேல் வரும். கிறிஸ்துமஸுக்கு ராட்னியின் மனைவி ஜானிஸ், ரம் சேர்க்காமல் தனியாக ஒரு கேக் செய்து அனுப்புவாள். இந்த மாதக் கடைசியில் தாவூதின் மகள் நூருலுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் தைப்பிங்கிலிருந்து வருகிறார்கள்.

“அன்னிக்கு ஒரு நாளு மட்டும் ஒண்ணும் ஆவக்கூடாது லா, ராட்னி” என்றார் தாவூத், கடிபட்ட துடைப்பத்தைப் பார்த்தபடி.

“ஒண்ணும் ஆவாதுண்ணே. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் எல்லாம் கெட்டது.

முதலில் ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தார். சம்பல் பலகைக்கு அடியில் தோண்டியது. பலகைக்கு அடியில் சிமெண்ட் ஊற்றினார். மறுநாள் சாயங்காலம் தாவூத் கடையிலிருந்து வந்து குளிக்க ஆரம்பித்ததுமே சம்பல் நான்கு அடி தள்ளித் தோண்டி, மண்ணுக்குள் போன பிளாஸ்டிக் குழாயைக் கடித்துவிட்டது. தலையில் ஷாம்பூ நுரையோடு தாவூத் வெளியே வந்தார்.

“ராட்னி, தண்ணி நின்னு போச்சு லா!”

“இங்க வருதுண்ணே” என்றார் ராட்னி. அவர் முகத்துக்கு நேராகப் பீறிட்டு வந்துகொண்டிருந்தது.

அன்று தாவூத் சிரித்தார். கொஞ்சம் குறைவாகத்தான் சிரித்தார்.

அடுத்து ராட்னி, மனிதர் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி மிருகங்களை விரட்டும் கருவி ஒன்றை ஆன்லைனில் தருவித்தார். அவரும் ஜானிஸும் வேலைக்குப் போயிருந்தபோது வந்த பார்சல், போர்ச்சில் பத்திரமாக இருந்தது. பேட்டரி போட்டு வேலியில் மாட்டி, ஒலியைக் கூட்டினார். தெருக் கோடிவரை உள்ள அத்தனை நாய்களும் வானத்தைப் பார்த்து ஊளையிட்டன. சம்பல் எல்லாருக்கும் தலைமை தாங்கியது. நவாப் வேலியேறி வந்து, அந்தக் கருவியின் மேலேயே உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

“கட்டித்தான் போடணும்” என்றாள் ஜானிஸ்.

நிச்சயத்தன்று ராட்னி அப்படியே செய்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த துணி காயவைக்கும் இரும்பு ஸ்டாண்டில், புதிதாக வாங்கிய நைலான் கயிற்றால் சம்பலைக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பாத்தேக் சட்டை மாட்டிக்கொண்டு, நிம்மதியாகத் தாவூத் வீட்டுப் பந்தலுக்குப் போனார்.

மாப்பிள்ளையின் அப்பா கறுப்புச் சொங்கோக் தொப்பியோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். தாவூத் தன் கையாலேயே அவருக்கு ஒரு கோப்பை சிராப் பானம் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நேரம் பார்த்து நவாப், ராட்னி வீட்டுப் பின்சுவரின் மேல் உலாவப் போயிருக்கிறது.

முதலில் ஒரு இரும்புச் சத்தம் கேட்டது. பிறகு இழுபடும் சத்தம். பிறகு ஒரு ஆரஞ்சுக் கோடு பந்தலுக்குள் பாய்ந்தது. அதன் பின்னால் வெள்ளைக் கோடு. அதன் பின்னால் ஜானிஸின் பெரிய பூப்போட்ட நைட்டியைக் கொடிபோல் பறக்கவிட்டபடி, துணி ஸ்டாண்ட்.

விருந்தாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். நவாப் உயரமான இடம் தேடியது. பந்தலிலேயே உயரமானது சொங்கோக்தான். அதன்மேல் ஏறி நின்றது. சம்பல் அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நைலான் கயிறும் கூடவே ஓடியது. தாவூத் “யா அல்லா!” என்று முடிப்பதற்குள், சம்பந்தி நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டு, தலையில் பூனையும் கையில் சிராப்புமாக, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“இது... உங்க வீட்டு வழக்கமா?” என்று கேட்டார்.

நிச்சயம் நடந்துதான் முடிந்தது. ஆனால் கத்தி கொண்டுவந்து கயிற்றை அறுத்தபோது தாவூத் ராட்னியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“பன்னெண்டு வருஷம் லா, ராட்னி” என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை குழம்பு வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. காலையில் காரை எடுக்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டால், ஒருவர் சாவியை மறந்தவர்போல உள்ளே போய்விடுவார். ஜானிஸும் தாவூதின் மனைவி குல்ஜார் பேகமும், புருஷன்மார் இல்லாத நேரம் பார்த்து, போனில் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ராட்னி முடிவெடுத்தார். தாப்பாவில் இருக்கும் மைத்துனன் மார்கஸிடம் காய்கறித் தோட்டம் இருந்தது. எலியும் இருந்தது.

“அனுப்பிட்டாதான் நிம்மதி” என்றார்.

ஜானிஸ் சம்பலின் சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். போனில் மெலிண்டா அழுதாள். ராட்னி நாயைக் கொண்டுபோக ஆன்லைனில் ஒரு கூண்டு வாங்கினார். அன்றிரவு சம்பல் அவர் போட்டிருந்த செருப்பின் மேல் தலைவைத்துத் தூங்கியது. காலை எடுக்க மனமில்லாமல் அவர் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கூண்டு வரவேண்டிய நாள் பொது விடுமுறை. தாவூதும் கடைக்குப் போகவில்லை. மத்தியானம் கேட் சத்தம் கேட்டு ராட்னி எட்டிப் பார்த்தால், தாவூத் நிற்கிறார். கையில் மூடிபோட்ட பிரம்புக் கூடை. கூடைக்குள்ளிருந்து சீறல்.

“தாப்பாவுக்கு அனுப்பறியாமே?”

“ஆமாண்ணே.”

“அனுப்பாத லா. அது சின்னப் புள்ள மாதிரி. நான் நவாப்ப தம்பி வீட்டுல விட்டுர்றேன். பூனைக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்.” சொல்லும்போதே தாவூத் கூடையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பூனையைக் குட்டியாக, மழையில் நனைந்து கிடந்தபோது எடுத்து வந்தவர் அவர்.

“ஐயோ, வேண்டாண்ணே! தப்பு எங்க நாயோடதுதான். நவாப் எங்கயும் போவக்கூடாது.”

“நான் சொல்றேன்ல!”

“நானும்தான் சொல்றேன்!”

நாயைக் கொடுக்க ஒருவரும் பூனையைக் கொடுக்க ஒருவருமாக, இருவரும் புதிதாக ஒரு சண்டையை ஆரம்பித்தார்கள். எஜமானின் குரல் உயர்ந்ததும் சம்பல் ராட்னியின் கால்களுக்கிடையில் நின்று தொண்டை கிழியக் குரைத்தது. நவாப் கூடையின் மூடியைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டி, முடியெல்லாம் சிலிர்க்கச் சீறியது.

ஒரு மோட்டார் சைக்கிள் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. பார்சல்காரர் பெரிய அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினார். நாயைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். மறுபடியும் நாயைப் பார்த்தார்.

“இதுங்களுக்கு இன்னிக்கு என்னாச்சுண்ணே? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருக்கறப்ப, நான் எப்ப வந்தாலும் இந்தப் பூனை இந்த நாய் வயித்து மேலதான தூங்கிட்டு இருக்கும்?”