மாஸ்டர் கத்தாத நாற்பது நாள்

சாம்பல் புதனன்று, நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள், டிரைவிங் மாஸ்டர் மாதா கோயில் வாசலில் நின்று அறிவித்தார்: “ஈஸ்டர் வரைக்கும், இந்தத் தவக்காலம் நாப்பது நாளும் நான் கத்தறதை விட்டுட்டேன்!” சொன்னதே கத்தலாகத்தான் இருந்தது. அவர் குரலுக்குப் பயந்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அழுதவர்கள் அநேகம். போன வாரம்கூட ஒரு நர்ஸம்மா வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, இறங்கி, பஸ் ஏறிப் போய்விட்டாள்.

“வாயால சொன்னா போதாது, நடத்தையில காட்டணும்” என்றார் பங்குச் சாமியார்.

“காட்டுவார் சாமி. நாளைலேருந்து எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பார்” என்றாள் மனைவி.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருஷமாக அந்தப் பேச்சையே எடுக்கவிடாமல் வைத்திருந்தார் மனுஷர்!

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் அடுத்த குண்டைப் போட்டாள். “ஒரே ஒரு தடவை கத்தினீங்க, நேரா எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்ல போய்ச் சேந்துடுவேன்.”

மாஸ்டரின் பெண்டாட்டியே போட்டிக்காரனிடம் படிக்கப் போனால் ஊர் சிரிக்காதா? போர்டைக் கழற்றிவிட்டு வேறு பிழைப்புத்தான் பார்க்க வேண்டும்.

முதல் நாள் வண்டி நாலு தடவை துள்ளி நின்றது. இரண்டாம் நாள் குப்பைத்தொட்டி சாய்ந்தது. மூன்றாம் நாள் இடது பக்கம் சிக்னல் போட்டு வலது பக்கம் திருப்பினாள். பின்னால் பத்து ஹாரன். மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது.

“பா... பா... பாத்து ஓட்டும்மா, கண்ணு.”

ஞாயிறு காலை ஆசையோடு வந்தார். “தவக்கால நாப்பதுல ஞாயிறு சேராது. மூணு நாளுக்கும் சேத்து இன்னிக்குக் கத்திக்கிறேன்.”

“தாராளமா. ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், எதிர்த்தெரு வரைக்கும் கேக்கட்டும்.”

மாஸ்டர் மென்று முழுங்கினார். முழுங்கி முழுங்கியே பழகிப்போனது. ஐந்தாவது வாரம் நர்ஸம்மா திரும்பி வந்தாள். “பயப்படாதீங்கம்மா, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்” என்று அவளிடம் சொன்னபோது பல்லைக் கடிக்கவே இல்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசி நாள், ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனி. குறுகலான சந்து. எதிரே சிமெண்ட் லாரி அலறிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் சுவர். ஐயோ, தொலைந்தோம்! தொண்டை வரை வந்துவிட்டது கத்தல். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“பதறாதேம்மா,” என்றார் மெதுவாக. “தப்பு வந்தா வரட்டும். நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

வண்டி பின்னால் நகர்ந்தது. சந்து முழுக்க, ஒரு சுவரும் உரசாமல். முனையில் நின்ற இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே திருப்பில் நுழைந்து நின்றது. லாரிக்காரரே சலாம் வைத்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். “இதை நான் இன்னும் சொல்லியே கொடுக்கலையே!”

அவள் கைப்பையிலிருந்து லைசன்ஸை எடுத்து நீட்டினாள். “எதிர்த்தெரு மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். போன வருஷமே.”

“அப்போ இந்த நாப்பது நாளும்?”

“கிளாஸ் உங்களுக்குத்தாங்க. பாஸாயிட்டீங்க, இறங்குங்க.”